சிவப்பு மூக்கு ராசப்பன்

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டர் வீடு. நான்கு வயதுப் பையனுக்குப் பிறந்தநாள். ராசப்பன் கதவைத் தாண்டி இரண்டு அடிதான் வைத்திருப்பார். பச்சை விக், முகமெல்லாம் வெள்ளைப் பூச்சு, கன்னம் வரை இழுத்த சிவப்பு வாய், நடுவில் பந்து மாதிரி ரப்பர் மூக்கு. பிறந்தநாள் பையன் கேக்கை அப்படியே விட்டுவிட்டு ஒரே ஓட்டமாக ஓடிச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்துகொண்டான். அங்கிருந்து அவன் போட்ட கூச்சலுக்குத் தெருவில் நின்ற ஆட்டோக்காரர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க. நீங்க வெளிய போயி சித்த உக்காருங்க, காப்பி அனுப்பறேன்" என்றார் பையனின் அம்மா.

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஒருவரைக் கிளம்பச் சொல்வதும் இப்படித்தான். திருடனைப் பிடித்தாலும் 'ஏனுங்க' போட்டுத்தான் கட்டி வைப்போம். காப்பியைக் குடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, மறுபடி உள்ளே கூப்பிடுவார்கள் என்று அரைமணி நேரம் காத்திருந்த பிறகுதான் தன்னை அனுப்பிவிட்டார்கள் என்பதே ராசப்பனுக்கு உறைத்தது. அதே பையனுக்குப் போன வருடம் துடியலூர் மண்டபத்தில் காது குத்தியபோதும் அவர்தான் வந்திருந்தார். அன்று பையன் அவருடைய மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்த சிரிப்பு அவர்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பிறந்தநாளுக்கும் கூப்பிட்டார்கள். ஒரு வருடத்தில் என்ன கெட்டுப்போனது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒரு பையன் என்றால் விட்டுத் தள்ளலாம். சித்திரையிலிருந்து ஆவணிக்குள் பதினோரு குழந்தைகள் அழுதுவிட்டன.

விழாக்களுக்கு ஆள் அனுப்பும் சாஜிதா பேகம் விஷயத்தை ஒரே வரியில் முடித்தார். "காலம் மாறிப்போச்சுண்ணா. இப்ப ஜோக்கர்னா பேய். போன்ல கத்தியப் புடிச்சிட்டு வர்றான், பல்லக் காட்டறான். புள்ளைங்க பயப்படாம என்ன பண்ணும்? எங்கிட்ட கரடி டிரஸ் ஒண்ணு இருக்கு. மூஞ்சிய மூடிக்கலாம். தைப் பொங்கல் வரைக்கும் பாப்போம், அப்பறம் நீங்க கரடியாயிருங்க."

நாற்பத்தைந்து வயதில் கரடியாவதா என்று ராசப்பனுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் சண்டை போடவில்லை. சாஜிதா சொன்னதில் பாதி அவருக்கே சரியென்று பட்டது. மீதிப் பாதிதான் குழப்பியது.

குழம்புவதற்குக் காரணம் இருந்தது. அவர் சின்ன வயதில் பார்த்த கூத்தில் கோமாளிதான் முதலில் வருவான். கிழிந்த குல்லாவோடு வந்து, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பண்ணையக்காரரைப் பார்த்தே கிண்டல் அடிப்பான். பகலில் அதே பேச்சை யாராவது பேசியிருந்தால் தோலை உரித்திருப்பார்கள். இரவில் அந்தப் பண்ணையக்காரரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். நாடகத்தில் பபூன் வந்தான். அவன் பேச ஆரம்பித்தால் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, காதை மட்டும் திறந்து வைத்திருப்பார்கள். இரண்டு பேரையும் குழந்தைகளுக்கான ஆள் என்று யாரும் சொன்னதில்லை. அப்புறம் சர்க்கஸ் வந்தது. அதில் ஜோக்கர் குழந்தைகளுக்கென்றே பிறந்தவன் ஆகிவிட்டான். இப்போது என்னடாவென்றால் காலேஜ் பையன்கள் பைக்குப் பின்னால் ஜோக்கர் முகத்தை ஒட்டிக்கொண்டு, அதுதான் கெத்து என்கிறார்கள். தேர்தல் வந்தால் ஒருவரை ஒருவர் கோமாளி என்று திட்டுகிறார்கள். சின்னப் பிள்ளைகள் பேய் என்கிறார்கள். கெத்து, திட்டு, பேய், மூன்றுக்கும் ஒரே சிவப்பு மூக்கு. இதில் தான் எந்த வகை என்று ராசப்பன் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டுக்கொண்ட நாட்கள் உண்டு. கண்ணாடிக்கும் தெரியவில்லை.

அவர் ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வந்தவரும் இல்லை. பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. மில்லைப் பூட்டினார்கள். கோயமுத்தூருக்கு சர்க்கஸ் வந்திருந்தது, கூடாரக் கம்பம் நட ஆள் வேண்டும் என்றார்கள், போனார். அங்கே ராமுலு என்று நெல்லூர்ப் பக்கத்து ஜோக்கர், மூன்றடி உயரம். அவரிடம் அடிவாங்க ஓர் உயரமான ஆள் தேவைப்பட்டது. ராசப்பன் ஐந்தடி பத்தங்குலம். ஆறு வருடம் ஊர் ஊராகப் போய் அடிவாங்கினார். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று திரும்பி வந்தவர், அம்மா போன பிறகும் இங்கேயே இருந்துவிட்டார். பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் நன்றாகத்தான் பேசினார்கள். "மாப்பிள்ளைக்கு என்ன வேலைங்க?" என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் இன்னும் மரியாதையாகப் பேசினார்கள். அப்புறம் போன் வரவில்லை.

காதுகுத்து வேலை தற்செயலாகத்தான் அமைந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மண்டபத்தில் வாசலில் நின்று ஒறம்பரைகளுக்கு, அதாவது வருகிற விருந்தாளிகளுக்கு, வணக்கம் சொல்வதுதான் அவருக்குச் சொன்ன வேலை. உள்ளே தாய்மாமன் மடியில் ஒரு பிள்ளை தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் கத்துகிறது. ஆசாரி ஊசியைப் பிடித்துக்கொண்டு விழிக்கிறார். ராசப்பன் ஓடிப்போய்ப் பிள்ளைக்கு முன்னால் மண்டி போட்டு மூக்கை நீட்டினார். அமுக்கினால் 'பீப்' என்று கத்தும் மூக்கு. பிள்ளை அமுக்கியது, பீப். இன்னொரு தரம் அமுக்கியது, பீப். மூன்றாவது பீப்பில் தலை ஆடாமல் நின்றது, ஆசாரி குத்திவிட்டார். மண்டபமே கை தட்டியது. அன்றிலிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் எந்த மண்டபத்தில் காதுகுத்து என்றாலும் ஆசாரிக்கு அடுத்து அவரைத்தான் தேடினார்கள். மூன்றாவது பீப்புக்குக் குத்த வேண்டும் என்பது ஆசாரிகளுக்கும் அவருக்கும் இடையில் ஒரு வழக்கமாகவே ஆகிப்போனது.

இத்தனைக்கும் நடுவில் ராசப்பனுக்கு என்று இருந்தது ஒரே ஒரு குழந்தை, தங்கை மதிவதனியின் மகள் நந்திதா. ஐந்து வயது. அவர் துடியலூரில் அவர்கள் தெருவில் திரும்பும்போதே "ஜோக்கர் மாமா" என்று கத்திக்கொண்டு கேட்டைத் திறப்பாள். சாயம் பூசியிருந்தாலும் ஒன்றுதான், பூசாவிட்டாலும் ஒன்றுதான். ஊரெல்லாம் அழுகிற இந்த வருடத்திலும் அவள் மட்டும் அழவில்லை. அவளுக்கு மூன்று வயதில் குத்தியிருக்க வேண்டிய காது, தாத்தா இறந்ததில் தள்ளிப்போய், இந்த ஐப்பசியில் குலதெய்வக் கோயிலில் குத்துவதாக நாள் வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடி என்றால் ராசப்பன் மடிதான். தோடு வாங்கி வைத்துவிட்டார்.

ஆனால் அவருக்கு ஒரு பயம். பதினோரு பேரை ஏதோ பிடித்தது இல்லையா? அது நந்திதாவையும் பிடித்துவிட்டால்? ஒரு நாள் அவளும் கேட்டைத் திறக்காமல் உள்ளே ஓடிவிட்டால்?

அதனால் முகத்தை மாற்றிப் பார்த்தார். சிவப்பு வாயைச் சின்னதாக்கினார். வெள்ளைப் பூச்சைக் குறைத்தார். புருவத்தை வளைத்து அப்பாவி மாதிரி வரைந்தார். விக்கை விட்டுவிட்டு வெறும் தொப்பி போட்டார். அழுகிற பிள்ளைகள் அழுதுகொண்டுதான் இருந்தன. சிரிக்கிற பிள்ளைகள் எப்படிப் போனாலும் சிரித்தன. ஒரே வீட்டில் அண்ணன் அழுதான், தம்பி வந்து காலைக் கட்டிக்கொண்டான். பேய்ப் படம் என்றால் இரண்டு பேரும் ஒரே போனில்தானே பார்த்திருப்பார்கள்? ராசப்பன் தலையைச் சொறிந்துகொண்டார்.

விடை டவுன் பஸ்ஸில் கிடைத்தது. புரட்டாசியில் ஒரு நாள் காந்திபுரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு பொட்டுச் சாயம் இல்லை, மடியில் பை. முன் சீட்டில் அம்மாவின் தோளில் சாய்ந்து ஒரு பெண் குழந்தை இவரைப் பார்த்தது. இவர் கன்னத்தை உப்பினார், சிரித்தது. முழியை உருட்டினார், இன்னும் சிரித்தது. மனசு குளிர்ந்துபோனார். கவுண்டம்பாளையத்தில் டிரைவர் போட்ட பிரேக்கில் பை இரண்டு சீட்டுக்கு நடுவில் நசுங்க, உள்ளேயிருந்து மூக்கு கத்தியது. பீப்.

குழந்தை இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீறிட்டது.

"ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்று அம்மா முதுகைத் தட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கவும், "காது குத்துனதுல இருந்து இப்படித்தானுங்க. இந்த மாதிரி சத்தம் கேட்டாலே ஆகறதில்ல. அன்னைக்கு ஒரு ஜோக்கர் வந்து என்னத்தையோ பீப்பு பீப்புன்னு அமுக்கினாருங்க, அப்பத்தான் ஊசி குத்துச்சு" என்றார்.

சாயமில்லாத முகம் அந்த அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. ராசப்பன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். அவர் இறங்க வேண்டிய இடத்துக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் இருந்தது.

வீட்டுக்கு வந்து போனில் பழைய போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். டாக்டர் வீட்டுப் பையன் இருந்தான். காலைக் கட்டிக்கொண்டவன் இல்லை, அழுத அண்ணன் இருந்தான். அழுத பதினோரு பேருக்கும் காது குத்தும்போது முன்னால் மண்டி போட்டிருந்தது அவரேதான். காது குத்திய வீடுகளுக்கே பிறந்தநாளுக்கும் போக ஆரம்பித்தது இந்த வருடம்தான். பேயும் இல்லை, போனும் இல்லை. எட்டு வருடமாக ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுச் சிரிக்க வைத்து, சிரித்த வாய் மூடுவதற்குள் குத்த வைத்திருக்கிறார். பிள்ளை என்ன நினைக்கும்? ஆசாரியின் கை பக்கவாட்டில் இருக்கிறது, தெரியாது. மாமன் பின்னால் இருக்கிறார், தெரியாது. தெரிகிறது ஒரே ஒரு முகம். அன்று முழுக்க அவருக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. நல்லது செய்ததாக நினைத்தாரே, அது நல்லதா கெட்டதா? ஆனால் அவர் இல்லாமல், பிள்ளை தலையை ஆட்டி ஆசாரியின் ஊசி தவறிக் கண்ணில் பட்டிருந்தால்? கேள்வி கேள்வியாக வந்தது. சாஜிதாவுக்குப் போன் பண்ண எடுத்து, என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிட்டார்.

நந்திதா விஷயத்தில் மட்டும் ஒரு முடிவுக்கு வந்தார். அன்று தாய்மாமனாக அவர் பின்னால்தான் உட்காரப் போகிறார், முன்னால் யாரும் நிற்கக் கூடாது. தங்கையிடம் போய், "புள்ளைய செவுத்தப் பாத்து உக்கார வெச்சரலாம் அம்மணி" என்றார்.

"என்னங்கண்ணா பேசறீங்க? கிழக்கத்தானுங்க பாத்து உக்காரோணும். செவுத்தப் பாத்தா ஆரு உக்காருவா?"

கோயில் மண்டபத்தில் கிழக்கு முழுக்கத் திறந்த வாசல். கூட்டம் நிற்பதே அங்கேதான். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் தான் செய்த வேலை வெளியே வந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டார்.

மதிவதனியின் கணவர் மனோஜ்குமார் பம்பு கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவர். மரியாதைக்குக் குறைவில்லாத மனிதர், ஆனால் மச்சான் ஜோக்கர் என்பதைக் கம்பெனியில் யாரிடமும் சொன்னதில்லை. "மச்சான், ஒண்ணே ஒண்ணுங்க. அன்னைக்கு மட்டும் மூஞ்சிக்கு எதும் வேண்டாங்க. கம்பெனில இருந்தெல்லாம் வாராங்க" என்றார். ராசப்பன் தலையை ஆட்டினார். அவருக்கு வலித்தது. ஆனாலும் முகத்தில் சாயம் இல்லாமல் இருப்பதே நல்லது என்று அவரும்தான் நினைத்திருந்தார்.

அன்று காலை பட்டு வேட்டி, சந்தனம், சீர்த்தட்டில் தோடு. நந்திதா அவரைப் பார்த்தாள். "ஜோக்கர் மாமா எங்க?" என்றாள்.

"நாந்தான் கண்ணு."

"நீங்க மாமா. ஜோக்கர் மாமா வேணும்."

முதலில் சிணுங்கினாள், அப்புறம் தரையில் படுத்துவிட்டாள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது, ஆசாரி வாட்சைப் பார்த்தார். கடைசியில் மனோஜ்குமாரே பல்லைக் கடித்துக்கொண்டு, "போட்டுட்டே வாங்க மச்சான்" என்றார். ராசப்பன் குழாயடியில் நின்று பையிலிருந்த சாயத்தைப் பூசினார். மூக்கை மட்டும் போடவில்லை, இடுப்பில் சொருகிக்கொண்டார். பட்டு வேட்டியும் வெள்ளை முகமுமாக அவர் வந்து மணையில் உட்கார்ந்தபோது கம்பெனிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நந்திதா ஓடி வந்து மடியில் ஏறினாள்.

கூட்டம் தள்ளித்தான் நின்றது, நேர் முன்னால் யாருமில்லை. ராசப்பன் நிம்மதியாக மூச்சுவிட்ட அந்த நேரம் மனோஜ்குமார் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, மகளுக்கு நேர் முன்னால் மண்டி போட்டு, போனைத் தூக்கிப் பிடித்தார். "இங்க பாரு சாமி, அப்பாவப் பாரு! சிரி!"

ராசப்பனுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். "மாப்ளை, நவுந்துக்குங்க" என்றால் போதும். வாய் திறந்தது. அந்த வாய்க்குள் 'மூஞ்சிக்கு எதும் வேண்டாங்க' என்ற பேச்சும் வந்து உட்கார்ந்துகொண்டது. போகட்டும், ஒரு தடவை இவர் நிற்கட்டுமே என்று ஒரு துளி நினைத்தார். நந்திதா அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். ஆசாரி குத்தினார்.

அவள் திரும்பி ராசப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுடைய கன்னமெல்லாம் வெள்ளையும் சிவப்பும் அப்பிக்கொண்டது. அவர் அவளை இறுக்கி அணைத்துக்கொண்டார். சந்தோஷத்தில் அவருக்கும் அழுகை வந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அப்பா போனை எடுத்தாலே நந்திதா காதைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். அப்புறம் போனே வேண்டியிருக்கவில்லை, அப்பாவே போதும். மூன்றாவது வாரம் ராசப்பன் போயிருந்தபோது மனோஜ்குமார் ஷிப்ட் முடிந்து பையோடு வாசலில் வந்து நின்றார். நந்திதா ராசப்பனின் பின்னால் ஒளிந்துகொண்டாள். கையில் கொண்டுவந்த தேன்மிட்டாயை என்ன செய்வதென்று தெரியாமல் அந்த மனிதர் நின்றார்.

"என்னன்னே தெரியலீங்க மச்சான். எங்கிட்ட வரவே மாட்டீங்குது. நான் ஒரு அடிகூட அடிச்சதில்லீங்க."

ராசப்பனால் தாங்க முடியவில்லை. "எனக்குத் தெரியுமுங்க மாப்ளை" என்று ஆரம்பித்து, பஸ், பீப், பதினோரு பிள்ளைகள், சுவரைப் பார்த்து உட்கார வைக்கச் சொன்னது, கடைசியில் வாயை மூடிக்கொண்டது, அந்த ஒரு துளி நினைப்பு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கொட்டினார். "முன்னால நிக்கறவங்க மேல போயிருதுங்க அந்த வலி. நான் சொல்லியிருக்கோணும். சொல்லுலீங்க."

மனோஜ்குமார் செருப்பைக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தார். அடிக்க வந்தால் வாங்கிக்கொள்ள ராசப்பன் தயாராகத்தான் இருந்தார்.

"தெரிஞ்சிருந்தாலும் நாந்தானுங்க நின்னிருப்பேன்" என்றார் மனோஜ்குமார். "என்ர புள்ளைக்கு ஊசி குத்தறப்ப நான் நிக்காம வேற எவன் நிப்பானுங்க?" அப்புறம் தலையைத் தூக்கி, "அந்தப் பதினோரு புள்ளைங்களோட அப்பனெல்லாம் அப்ப எங்கீங்க நின்னாங்க?" என்று கேட்டார்.

ராசப்பன் யோசித்துப் பார்த்தார். அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்கள். அவருடைய தோளுக்கு மேலே போனை நீட்டி, சிரித்துக்கொண்டு.

நந்திதா பத்து நாளில் அப்பாவிடம் திரும்பிவிட்டாள். முதல் இரண்டு நாள் ராசப்பனின் மூக்கை மாட்டிக்கொண்டு மனோஜ்குமார் வீட்டுக்குள் நடமாடினார், அது உதவியதா, தானாகவே சரியானதா என்று யாருக்கும் தெரியாது. அவர் மூக்கோடு ஒரு தடவை பால்காரருக்குக் கதவைத் திறந்துவிட்டார் என்று மதிவதனி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கார்த்திகையில் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு காதுகுத்து. சாஜிதா பேகம் பொங்கலுக்கு முன்னால் இதுதான் கடைசி வாய்ப்பு என்று சொல்லி அனுப்பியிருந்தார். மாமன் மடியில் மூன்று வயதுப் பையன், ஆசாரி ஊசியோடு தயார். "ஜோக்கரண்ணா, முன்னால வாங்க, மூக்க நீட்டுங்க" என்று கூப்பிட்டார்கள். ராசப்பன் ஓரமாகத் தூணை ஒட்டி நின்றுகொண்டார். மூக்கு பையில் இருந்தது. பையன் அழுது முடித்த பிறகு முன்னால் போகலாம் என்றிருந்தார்.

"பையனோட அப்பா யாருங்க?" என்றார். "நீங்க வந்து முன்னால நில்லுங்க."

போனை ஆன் பண்ணிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "நானுங்களா? நான் வந்து என்னங்க பண்ணோணும்?"

எட்டு வருடம் அந்த இடத்தில் நின்றவருக்கே இன்னும் விளங்கவில்லை.

"தெரியலீங்க" என்றார். "போனப் பையில வெச்சுட்டு, சும்மா நில்லுங்க."